தண்ணீரில் போடுவதற்கு முன் அடியைப் பாருங்கள்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அம்மம்மாவின் வளவில் மதிலுக்கு அத்திவாரம் வெட்டியபோது நீலப் பிளாஸ்டிக் பரல் ஒன்று வெளிப்பட்டதாம். 2009இன் தொடக்கத்தில் இடம்பெயர்ந்தபோது புதைத்தது. பித்தளைச் சாமான்களுக்கு நடுவே பழஞ்சீலையில் சுற்றியபடி ஒரு பீங்கான் பொம்மைத் தலை, ஆணும் பெண்ணுமாக நடனமாடும் ஒரு சோடி உருவம், வலைப்பின்னல் பாவாடை உடுத்த ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி, ஒரு சரஸ்வதி. மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்துத் திரும்பிய உறவினர் ஒருவர் கொண்டுவந்தவை என்று வீட்டில் பேச்சு. பொம்மையின் பிடரியில் 1894 என்று இருக்கிறது. எவ்வளவு பெறும், செம்மண் கறையை எப்படி எடுப்பது, இவற்றிலிருந்து ஒரு சேகரிப்பைத் தொடங்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். கடைசியாக ஒன்று: சரஸ்வதியின் அடியில் யாரோ சிவப்புக் கியூட்டெக்ஸால் இரண்டு எழுத்து எழுதியிருக்கிறார்கள், அதை முதலில் அழித்துவிடவா?

தங்கச்சி, அழிக்க வேண்டாம். கியூட்டெக்ஸ் நீக்கும் திரவத்தை அந்த மேசைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதைவிட முக்கியமான ஒன்று: ஒரு பரல் கிடைத்தது என்பதற்காக அதே இடத்தில் இன்னும் ஆழமாகத் தோண்டிப் பார்க்காதீர்கள். உங்கள் பகுதி மண்ணுக்குள் என்னென்ன கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மிதிவெடி அகற்றி முடித்த நிலம் என்றாலும், கம்பியோ உலோகமோ மண்வெட்டியில் தட்டினால் கையை எடுத்துவிட்டுக் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். எந்தப் பீங்கானுக்காகவும் ஒரு விரலைக்கூட இழக்கத் தேவையில்லை.

இனிப் பொம்மைத் தலை. நீங்கள் அனுப்பிய படத்தில் பிடரியில் 1894 என்ற எண், ஆங்கில ‘ஏ’ எழுத்துக்கும் ‘எம்’ எழுத்துக்கும் நடுவே 3, அதன்கீழே ‘மேட் இன் ஜேர்மனி’ என்பவை தெளிவாகத் தெரிகின்றன. ‘ஏ.எம்.’ என்பது ஆர்மண்ட் மார்செய் நிறுவனம். ஜேர்மனியின் தூரிங்கியாப் பகுதியில் கொப்பெல்ஸ்டோர்ப் என்ற ஊரில் இயங்கியது. பெயர் பிரெஞ்சுப் பெயர்போல் ஒலித்தாலும் தொழிற்சாலை ஜேர்மனியில்தான். நடுவிலுள்ள 3 தலையின் அளவைக் குறிக்கும் எண். 1894 என்பது ஆண்டு அல்ல, அச்சு எண். அந்த முகத்தை வார்க்கப் பயன்பட்ட அச்சுக்கு அந்த நிறுவனம் கொடுத்த இலக்கம். இந்த எண்ணைப் பார்த்து ஏமாறாத புதியவர் குறைவு. நானும் முதலில் ஆண்டு என்றே எழுதி வைத்திருந்தேன். அதே நிறுவனத்தின் மிகப் பரவலான தலையில் 390 என்றிருக்கும். அதை யாரும் கி.பி. 390 என்று நினைப்பதில்லை. 1894 என்பது ஆண்டுபோலத் தோற்றமளிப்பதுதான் சிக்கல்.

ஆனால் ‘மேட் இன் ஜேர்மனி’ என்ற சொற்கள் காலத்தைப் பற்றி ஓரளவு பேசும். 1887இல் பிரித்தானியா கொண்டுவந்த வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகுதான் ஜேர்மன் பொருட்களில் இந்த வாசகம் பரவியது. அமெரிக்காவும் 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. எனவே உங்கள் தலை அதற்குப் பிற்பட்டது. அந்தத் தொழிற்சாலை இந்த வகைத் தலைகளை வார்த்த காலத்தையும் மலாயா உறவினரின் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், நூறு ஆண்டைத் தொட்ட அல்லது தாண்டிய பொருள் என்றே கொள்கிறேன்.

உடம்பு எங்கே போனது என்று கேட்டிருந்தீர்கள். பரலின் அடியில் பழுப்பு நிறத்தில் களிபோல ஒரு கட்டி கிடந்தது என்றீர்கள். அதுதான் உடம்பு. இந்தப் பொம்மைகளுக்குத் தலை மட்டுமே பீங்கான். உடல், கை, கால் எல்லாம் மரத்தூளும் காகிதக்கூழும் பசையும் பிசைந்து அழுத்திச் செய்தவை. மேலே வண்ணம், உள்ளே இறப்பர் நாடா, இரும்புக் கொக்கி. மூடிய பரலுக்குள் மாரிக்கு மாரி கசிந்த ஈரத்தில் பசை கரைந்து உடல் குழைந்துபோயிற்று. தலை 1200 பாகையைத் தாண்டிய சூட்டில் வெந்த பொருள். மண்ணின் ஈரம் அதை ஒன்றும் செய்யாது. அந்தக் கட்டியை எறிந்துவிடாதீர்கள். நிழலில் மெல்ல உலரவிட்டு விரலால் உதிர்த்துப் பாருங்கள். கண்ணாடிக் கண் ஒன்று உள்ளே அகப்படலாம்.

தலையை உற்றுப் பார்த்தால் முகத்தில் மினுக்கம் இல்லாமல், முட்டையோட்டைப்போல மங்கலாக, தடவினால் மெல்லிய சொரசொரப்போடு இருக்கும். இதைப் பிஸ்க் என்பார்கள். மெருகு என்னும் கண்ணாடிப் பூச்சு இல்லாத பீங்கான். கூழான வெண்களியை அச்சில் ஊற்றி, தடித்த பிறகு மிச்சத்தைக் கவிழ்த்து, உலர்த்திச் சுட்டு, பிறகு கன்னச் சிவப்பையும் புருவத்தையும் உதட்டையும் கனிம வண்ணத்தால் கையால் எழுதி, குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். வண்ணம் சூளையில் பிடித்துக்கொள்வதால் நகத்தால் சுரண்டினாலும் வராது. பின்னாளில் செய்த போலிகள் சிலவற்றில் சூளை காணாத வண்ணத்தைப் பூசியிருப்பார்கள். ஈரப் பஞ்சில் அது ஒட்டிக்கொள்ளும். இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. பீங்கான் சுடும்போது சுருங்கும், நூற்றுக்குப் பத்துக்கும் மேல். ஆகவே பழைய தலையிலிருந்தே அச்செடுத்து ஒருவர் புதுத்தலை வார்த்தால் அது மூலத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சிறிதாகிவிடும், நுண்ணிய கோடுகளும் மழுங்கிவிடும். பிடரியிலுள்ள எண் சொல்லும் அளவும் அளவுநாடா சொல்லும் அளவும் ஒத்துப்போகாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

தலையின் உச்சி திறந்திருக்கும். முடிக்கும் கண்ணுக்கும் வைத்த வழி அது. இரவில் விளக்கை அணைத்து, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை அந்தத் திறப்புக்குள் காட்டுங்கள். முகம் முழுவதும் தேன் நிறத்தில் ஒளிரும். அந்த ஒளியில் கரிய கோடு ஒன்று ஓடினால் அது மயிரிழை வெடிப்பு. பகலில் கண்ணுக்கே தெரியாது. விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த ஒரு கோடுதான். காசுத்தாள் பரிசோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கும் உதவும். பசையும் மேல்பூச்சும் இருக்கும் இடம் அந்த வெளிச்சத்தில் மற்ற இடத்திலிருந்து வேறாகத் தெரியும். இந்த விளக்குப் பையில் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்மண்ட் மார்செய் தலைகள் மிகப் பெருந்தொகையில் வார்க்கப்பட்டவை. உடலோடும் உடையோடும் முழுமையாக இருக்கும் 390 பொம்மைகூட வெளிநாட்டு ஏலங்களில் பலமுறை இருநூறு டொலருக்குள்ளேயே போகிறது. தனித்தலைக்கு இன்னும் குறைவு. பிரான்சின் ஜூமோ, புரூ போன்ற பொம்மைகளுக்குக் கிடைக்கும் பெருந்தொகைகளை இணையத்தில் பார்த்துவிட்டு மனக்கணக்குப் போட வேண்டாம். கொழும்பிலிருந்து யாராவது வந்து, ‘1894ஆம் ஆண்டுப் பொம்மை, பெரிய விலை தருகிறேன்’ என்றாலும், ‘இது ஒன்றுக்கும் உதவாது, சும்மா தாருங்கள்’ என்றாலும் இரண்டையும் நம்ப வேண்டாம்.

அடுத்தது நடனமாடும் சோடி. இதில்தான் உங்களுக்கு நல்ல செய்தி. அடியில் சிவப்பு எழுத்தில் ‘மேட் இன் ஒக்குபைட் ஜப்பான்’ என்று இருக்கிறதே, அது ஒரு தேதி முத்திரைக்குச் சமம். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான் நேச நாடுகளின் பிடியில் இருந்த காலத்தில், 1947 முதல் 1952 வரை, ஏற்றுமதிப் பொருட்களில் இட்ட வாசகம் அது. ஒரு பீங்கான் உருவத்துக்கு ஐந்தாண்டு இடைவெளிக்குள் காலம் குறிக்க முடிவது அரிய வாய்ப்பு. அதற்கு முந்திய ஜப்பானியப் பொருளில், 1891 முதல் 1921 வரை, ‘நிப்பான்’ என்றிருக்கும். 1921க்குப் பிறகு ‘ஜப்பான்’. உங்கள் சோடியின் முகமும் உடையும் ஜேர்மன் பாணி. ஐரோப்பியச் சந்தையில் ஓடிய உருவங்களைப் பார்த்து ஜப்பானியர் மலிவாக வார்த்தார்கள். கலைநயத்தில் உயர்ந்தது என்று சொல்லமாட்டேன். கைவிரல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், கண் இரண்டும் ஒரே மட்டத்தில் இராது. ஆனால் தோற்றுப்போய்ச் சாம்பலாகிக் கிடந்த நகரங்களில், பிழைப்புக்காகச் சூளையை மறுபடி மூட்டிய கைகள் அந்தப் புருவத்தை எழுதின. மீளக் குடியேறிய ஊரில் முதல் கடையைத் திறந்தவர்களைக் கண்ட நமக்கு அந்தக் கைநடுக்கம் விளங்கும்.

மலாயாப் பேச்சை நான் நம்புகிறேன். பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்கும் அரச அலுவலகங்களுக்கும் போன குடும்பங்கள் மிகப் பல. அவர்கள் ஓய்வூதியத்தோடு திரும்பும்போது பெட்டிக்குள் சீனப் பரணியும் ஜப்பான் தேநீர்க் கோப்பைகளும் வந்தன. பின்னர் அந்தக் குடும்பங்களின் கிளைகள் வன்னியில் காணி கிடைத்துக் குடியேறியபோது அவையும் கூடவே வந்தன. ஆனால் வன்னி வீடுகளின் எல்லா உருவங்களுக்கும் இந்தக் கதை பொருந்தாது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போன காலம் அது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் இளைஞர் குடியேற்றங்கள் செழித்தன. கையில் காசு இருந்தது, கடையில் பொருள் இல்லை. 1977க்குப் பிறகு சந்தை திறந்ததும் ஷோகேஸ்கள் நிரம்பின. தாய்வானிலும் ஹொங்கொங்கிலும் சீனாவிலும் செய்த நாய்க்குட்டி, அன்னம், குடை பிடித்த பெண் எல்லாம் அப்போது வந்தவை. நான் வீடுகளில் பார்க்கும் உருவங்களில் பெரும்பகுதி இவைதான். இவற்றைப் ‘பழமையான பீங்கான்’ என்று விற்பவரிடம் வாங்காதீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் இருந்தால் எறியவும் வேண்டாம்.

சீமாட்டியின் பாவாடை உங்களை மயக்கியிருக்கும். அந்த வலைப்பின்னல் எப்படிப் பீங்கானாயிற்று? உண்மையான பின்னல் துணியைக் களிக்கூழில் தோய்த்து உருவத்தின்மேல் மடித்து வைத்துச் சூளையில் இடுவார்கள். நூல் எரிந்துபோகும். நூலின் வடிவில் பீங்கான் நிற்கும். உள்ளே வெறுமை என்பதால் விரல் பட்டாலே நொறுங்கும். இந்த முறைக்குப் பேர்போனது ஜேர்மனியின் டிரெஸ்டன் வட்டாரம். இவ்வகை உருவங்களை டிரெஸ்டன் உருவங்கள் என்றே அழைப்பார்கள்.

அந்த வட்டாரத்துக்கு ஒரு பெருங்கதை உண்டு. உண்மையான வன்பீங்கானைச் செய்யும் வித்தை நீண்டகாலம் சீனரிடமும், பின்னர் கொரியர், ஜப்பானியரிடமும் மட்டுமே இருந்தது. டிரெஸ்டனிலிருந்து சாக்சனியை ஆண்ட அகஸ்டஸுக்குப் பீங்கான் என்றால் தீராத வெறி. பிரஷ்ய அரசனிடமிருந்த சீனப் பீங்கான்களில் 151ஐப் பெறுவதற்காக 1717இல் தன் குதிரைப்படை வீரர் 600 பேரைக் கொடுத்தான். அந்தச் சாடிகளுக்கு இன்றும் அந்தப் படைவீரர் பெயரே வழங்குகிறது. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அறுநூறு பேரின் தாய்மாரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதே அரசன், பொன் செய்யத் தெரியும் என்று சொன்ன பொட்கர் என்ற இளைஞனைச் சிறைபிடித்து வைத்து, சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரோடு சேர்த்து ஆராய வைத்தான். பொன் வரவில்லை. 1708இல் பீங்கான் வந்தது. 1710இல் மைசன் ஆலை தொடங்கியது. 1731இல் அங்கு சேர்ந்த கெண்ட்லர் என்ற சிற்பிதான் விருந்து மேசையில் சீனிப்பாகால் செய்து வைத்த உருவங்களின் இடத்தில் பீங்கான் உருவங்களை நிறுத்தியவர்களில் தலையாயவர். இன்று உலகெங்கும் ஷோகேஸ்களில் நிற்கும் ஆடுமேய்க்கும் பெண்களும் குழலூதும் பையன்களும் அந்தப் பரம்பரையில் வந்தவர்கள்.

மைசனின் குறி நீலத்தில் குறுக்கிட்ட இரு வாள்கள். உலகில் மிக அதிகமாகக் களவாடப்பட்ட குறிகளில் ஒன்றும் அதுவே. உங்கள் சீமாட்டியின் அடியில் கிரீடம்போல ஏதோ நீலத்தில் தெரிகிறது. படம் கலங்கலாக இருக்கிறது. கிரீடக் குறியைப் பல ஆலைகள் இட்டன, எனவே குறியை மட்டும் வைத்து நான் எதையும் சொல்லமாட்டேன். பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், அடியை நேராகப் படமெடுத்து அனுப்புங்கள். குறி மெருகுக்கு அடியில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பார்த்து அதையும் எழுதுங்கள்.

சரஸ்வதிக்கு வருகிறேன். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரவிவர்மா அச்சுப்படங்களின் சாயலில் தெய்வ உருவங்களை ஜேர்மனியில் பீங்கானில் வார்த்து இந்தியச் சந்தைக்கு அனுப்பினார்கள். பிறகு ஜப்பானிலும் செய்தார்கள். அப்படி ஒன்றாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் வீணையின் முனை உடைந்த இடம் சுண்ணாம்புபோல வெளுத்து மாவாக உதிர்கிறது. பீங்கான் உடைந்தால் வாய் கண்ணாடிபோல் மினுங்கும். மண்பாண்டம் உடைந்தால் பழுப்பாகச் சொரசொரக்கும். மாவாக உதிர்ந்தால் அது பிளாஸ்டர். மடுத் திருவிழாக் கடைகளில் வாங்கிய மாதா சொரூபங்கள் பலவும் இதே பொருள்தான். பிளாஸ்டரில் தண்ணீர் பட்டால் வண்ணம் உரியும், உருவமே குழையும். உலர்ந்த மென்தூரிகையால் தூசு தட்டுவதோடு நிறுத்துங்கள். இவ்வளவு ஈரம் கசிந்த பரலில் அது பிழைத்ததே அம்மம்மா சுற்றிய சீலையின் புண்ணியம்.

இப்போது துப்புரவு. எனக்கு மிகவும் கவலை தருகின்ற பகுதி இது, ஏனென்றால் நல்ல பொருட்கள் மண்ணுக்குள் கெட்டதைவிட மீட்ட கைகளால் கெட்டதையே அதிகம் பார்த்திருக்கிறேன். பித்தளை விளக்கைப்போலப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேசிக்காயும் வேண்டாம். புளிப்பு, மெருகின் மேலிட்ட வண்ணத்தையும் பொன் கோட்டையும் அரிக்கும். துணி வெளுக்கும் குளோரின் திரவம் அதைவிடக் கெடுதல். வெடிப்புக்குள் இறங்கி உப்பாக உறைந்து, மாதங்கள் கழித்து மெருகை உள்ளிருந்து தள்ளி உரிக்கும். கிணற்றுத் தண்ணீரும் நமக்கு உதவாது. நம் பகுதிக் கிணறுகளில் பலவும் கல்சியம் மிகுந்தவை. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கை நினைத்துப் பாருங்கள். அது பிஸ்க்கின் நுண்துளைகளில் படிந்தால் முகம் சாம்பல் பூத்துவிடும். கூரையில் முதல் மழை கழுவி ஓடிய பிறகு பிடித்த மழைநீர் போதும். இல்லாவிட்டால் வாகனப் பற்றரிக்கு ஊற்ற விற்கும் வடிநீர். பற்றரி அமிலம் அல்ல, வடிநீர். போத்தலை இருமுறை படித்து வாங்குங்கள்.

உங்கள் வீட்டு உருப்படிகளில் தண்ணீர் காணலாம் என்று நான் சொல்வது நடனமாடும் சோடிக்கு மட்டும்தான். பிளாஸ்டிக் கோப்பையின் அடியில் மடித்த துவாய் விரித்து, உருவத்தின் அடியிலுள்ள காற்றுத் துளையைப் பஞ்சால் அடைத்து, தண்ணீரில் மூழ்கடிக்காமல், நீர்வண்ணத் தூரிகையால் சிறிது சிறிதாக நனைத்துத் துடையுங்கள். துளையை அடைக்காவிட்டால் உள்ளே போன தண்ணீர் வாரக்கணக்கில் கசியும். பொம்மைத் தலையைப் பொறுத்தவரை, கண்கள் உள்ளே பிளாஸ்டரால் பொருத்தப்பட்டவை. எனவே வெளிப்புறத்தை மட்டும் பிழிந்த பஞ்சால் ஒற்றுங்கள். செம்மண்ணின் இரும்புக் கறை கன்னத்தில் ஏறியிருந்தால் அது முழுவதும் போகாது. போகும்வரை தேய்த்தவர்கள் கன்னத்தின் பட்டுப்போன்ற மேற்பரப்பையே தேய்த்துவிட்டார்கள். கறை இருக்கட்டும். சீமாட்டிக்குத் தூரிகையும் வேண்டாம். இறப்பர் குமிழால் காற்றை ஊதுங்கள், அவ்வளவே.

உடைந்த துண்டுகளை உடனே ஒட்டும் அவசரமும் வேண்டாம். கடைகளில் கிடைக்கும் உடனொட்டிப் பசை ஒருமுறை பிடித்தால் பிரித்துத் திருத்துவது கடினம். இரு குழாய்ப் பசை காலப்போக்கில் மஞ்சளாகும். அருங்காட்சியகங்களில் பரலாய்ட் பி-72 என்ற பிசினைப் பயன்படுத்துவார்கள். அசெற்றோன் தொட்டால் கரைந்து பிரிந்துவிடும் என்பதே அதன் சிறப்பு. அது கிடைக்கும்வரை துண்டுகளை ஒவ்வொன்றாகப் பருத்தித் துணியில் சுற்றி, ஒன்றோடொன்று உரசாமல் பெட்டியில் வையுங்கள். பழைய பீங்கான்களில் பித்தளைக் கம்பியால் தைத்த ஒட்டு இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். பசைகள் வராத காலத்தில் கைவினைஞர் ஒருவர் பீங்கானைத் துளையிட்டுத் தைத்த தையல் அது. எனக்கு அந்தத் தையலுள்ள கோப்பை முழுக்கோப்பையைவிட மேல்.

வைக்கும் இடத்தைப் பற்றி: சோளகம் வீசும் மாதங்களில் நம் வீடுகளில் புழுதி எப்படிப் படியும் என்று தெரியும். வாடைக்காற்றுக் காலத்தில் எல்லாம் பிசுபிசுக்கும். பீங்கானுக்கு இரண்டும் பெரிதல்ல, ஆனால் முடி, துணி, மரக்கூழ் உடல் உள்ள பொம்மைக்கு இந்த மாற்றம்தான் எமன். கண்ணாடிக் கதவுள்ள இரும்பு அலுமாரி, வெளிச்சுவரில் ஒட்டாமல், கறையான் ஏறாத தரையில். சுற்றுவதற்குக் கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டித் துணி. செய்தித்தாள் மை ஒட்டும், பிளாஸ்டிக் பை வியர்க்கும். கண் மூடித்திறக்கும் பொம்மையை மல்லாக்க வைக்காதீர்கள். கண்ணுக்குப் பின்னால் ஈயக் குண்டு தொங்குகிறது. மூக்கில் பாரம் விழாதபடி மெத்தைபோல் துணி வைத்துக் குப்புறக் கிடத்துவதே வழக்கம்.

இனிக் கியூட்டெக்ஸ் எழுத்து. நம் ஊர்களில் கல்யாணம், அந்தியேட்டி என்றால் கோப்பையும் தட்டும் வீட்டுக்கு வீடு இரவல் போகும். பித்தளையில் பெயர் வெட்டுவார்கள், பீங்கானின் அடியில் கியூட்டெக்ஸால் இரண்டெழுத்து எழுதுவார்கள். கைக்குக் கிடைத்தால் உருவங்களிலும் எழுதிவிடுவார்கள். 2011இல் ஏ9 வீதியோரத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றில், துருப்பிடித்த சைக்கிள் பாகங்களுக்கு நடுவே, வெள்ளைப் பீங்கான் புறாச் சோடி ஒன்றைக் கண்டேன். சில்லறைக் காசுக்கு வாங்கினேன். வீட்டில் அடியைப் பார்த்தால் சிவப்பில் இரண்டெழுத்து. ஜப்பான் குறி அதன் பக்கத்திலேயே தேய்ந்து கிடந்தது. அன்றுவரை நான் தொழிற்சாலைக் குறியை மட்டும் படிக்கத் தெரிந்த ஆள். அந்த இரண்டெழுத்தைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கத்து வளவுகளிலிருந்து அந்தக் கடையின் லொறி சாமான் ஏற்றியது என்று கடைக்காரரிடம் கேட்டு, ஊர்ப் பெயரை அறிந்து, கோயில் வாசலிலும் தபாற்கந்தோரிலும் விசாரித்து, ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு உரிய வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்த அம்மா புறாக்களை வாங்கி முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தார். அந்த எழுத்தை எழுதியது அவருடைய மகள். மகள் இல்லை. புறாக்களின் அடியை விரலால் தடவிக்கொண்டே நெடுநேரம் இருந்தார். நான் தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

அதிலிருந்து எதை வாங்கினாலும் முதலில் அடியைப் பார்க்கிறேன், பிறகு ஒரு கொப்பியில் எழுதுகிறேன். எந்த ஊர், எந்தக் கடை, யார் கொண்டுவந்தது, அடியில் என்ன எழுத்து, எந்த இடத்தில் உடைவு, எந்த நாள். உருப்படியின்மேல் மையால் இலக்கமிடுவதில்லை, பிஸ்க் மையை உறிஞ்சிக்கொள்ளும். பருத்தி நாடாவில் எழுதிக் கழுத்தில் கட்டுகிறேன். சேகரிப்பைத் தொடங்கலாமா என்று கேட்டீர்கள். தொடங்குங்கள், ஆனால் மைசனையும் ஜூமோவையும் துரத்தாதீர்கள். அவற்றை நல்ல வெளிச்சத்தில் பாதுகாக்க உலகில் பல அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. வன்னி வீட்டு ஷோகேஸில் எவை நின்றன, எப்படி வந்தன, எவை திரும்பி வந்தன என்பதை வைத்திருக்க அப்படி ஓர் இடமில்லை. புதிய வீட்டுத் திட்டத்துக்காகப் பழைய வீட்டை இடிக்கும் இடங்களில், காணி விற்க வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஒதுக்கிப்போடும் பெட்டிகளில், இந்தப் பொருட்கள் இன்னமும் வெளிவருகின்றன. வாங்கும் முன் யாருடைய வீடு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். இலங்கையிலேயே செய்த பீங்கானையும் ஒதுக்காதீர்கள். பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் நல்ல வெண்களி இருக்கிறது. மாத்தளையிலும் தங்கொட்டுவையிலும் அதை நம்பித் தொழில் நடக்கிறது.

ஒரு எல்லையை மட்டும் தாண்டக் கூடாது. மன்னார்ப் பக்கம், திருக்கேதீச்சரத்துக்கு அருகே மாந்தையில், மழைக்குப் பிறகு நிலத்தில் மினுங்கும் ஓடுகளைச் சிலர் பொறுக்கி வருகிறார்கள். மாந்தைத் துறைமுகத்துக்கு ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தாங் அரசமரபுக் காலத்துச் சீனக் கலங்கள் கப்பலில் வந்திறங்கின. 1980 முதல் 1984 வரை நடந்த அகழ்வில் அவற்றின் துண்டுகள் மண்ணடுக்கு மண்ணடுக்காகக் கிடைத்தன. யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியிலும் சீனக் கலங்கள் 1977இல் வெளிப்பட்டன. அந்த ஓடு எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறு இருக்கிறது. பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டால் அது வெறும் ஓடு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றி அகழ்வது குற்றம், கண்டெடுத்தால் அறிவிக்கவும் வேண்டும். உங்கள் வளவில் அம்மம்மா புதைத்தது வேறு, அது உங்கள் வீட்டுச் சொத்து.

அதிலும் எல்லாமே உங்கள் வீட்டுடையதா என்பதுதான் எனக்குள்ள கேள்வி. பொம்மைத் தலையிலும் சோடியிலும் சீமாட்டியிலும் கியூட்டெக்ஸ் இல்லை என்கிறீர்கள். சரஸ்வதியில் மட்டும் இருக்கிறது. அந்த இரண்டெழுத்தும் உங்கள் அம்மம்மாவின் பெயருக்கோ அம்மப்பாவின் பெயருக்கோ பொருந்தவில்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புறப்படுகிற அவசரத்தில் அயல்வீட்டுக்காரர், ‘இதையும் உங்கள் பரலில் போடுங்கள்’ என்று கொடுத்திருக்கலாம். அப்படி நடந்த வீடுகளை நான் அறிவேன். சீமாட்டியின் படத்தை ஆறுதலாக எடுத்து அனுப்பலாம். சரஸ்வதியை நாளைக் காலையிலேயே அம்மம்மாவின் மடியில் வைத்து, வீணைப் பக்கம் மேலே இருக்காமல் அடிப்பக்கம் மேலே தெரியும்படி பிடித்து, இந்த எழுத்து யாருடையது அம்மம்மா என்று கேளுங்கள்.